இருபத்திரண்டு முதல் முப்பத்திரண்டு வரை

கையில் சுற்றிய பட்டை மூன்றாவது தடவையும் பிய்த்துக்கொண்டது. ‘பர்ர்ர்’ என்ற அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் மூலைக்கும் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவில் பச்சைத் துணித் திரை ஒன்றுதான். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“கையைத் தளர விடுங்கக்கா,” என்றாள் நர்ஸ் சுலெய்டி. “முறுக்கிக்கிட்டா நிக்காது.”

“நான் எங்கடி முறுக்கினேன்? கையே அவ்வளவுதான். கழற்றி வச்சிட்டு வேற கை மாட்டிக்கிட்டு வரவா?”

“ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. உங்களுக்கென்ன, பூசினாப்ல லட்சணமாத்தான் இருக்கீங்க.”

லிந்தாவுராவுக்கு வயது நாற்பத்தாறு, எடை நூற்றுப் பதினெட்டுக் கிலோ. பெத்ரா மான்சா ஊரில் அவளைக் குண்டு என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் ஒருவர் கிடையாது. பூசினாற்போல, வாட்டசாட்டம், தெம்பான தேகம் என்று ஆளுக்கொரு வார்த்தை வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன வார்த்தை வைத்திருந்தார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சுலெய்டி நாலாவது முறையாகச் சுற்றினாள். பட்டையின் ஓரம் மறு ஓரத்தை விரற்கடை அளவுதான் தொட்டது. “இந்த நுனியை நீங்களே இன்னொரு கையால அமுக்கிப் பிடிச்சுக்குங்கக்கா, பறக்காது.” லிந்தாவுரா பிடித்துக்கொண்டாள். காற்று ஏற ஏறப் பட்டை அவள் கட்டைவிரலுக்கு அடியில் புடைத்தது. மேலும் கீழும் சதை பிதுங்கியதைப் பார்க்கப் பிடிக்காமல், நீலத் துணியில் வெள்ளையாக அச்சடித்திருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினேழுக்குப் பதினொண்ணு,” என்று சுலெய்டி தாளில் எழுதினாள்.

அந்த ஊரில் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து என்பதைக் கடைசிச் சுழியை விட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். பன்னிரண்டுக்கு எட்டு என்றால் வீட்டுக்குப் போகலாம். பதினேழுக்குப் பதினொன்று என்றால் டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். லிந்தாவுராவுக்கு இது நாலாவது மாதம். பதினாறு, பதினேழு, பதினேழு, மறுபடி பதினேழு.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவளை ஒசோரியோ அண்ணன் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் அக்கரைக்குப் படகு விட்டவர். இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆற்றைக் காவல் காக்கிறார். மாதாமாதம் அவரும் இதே பெஞ்சில்தான்.

“என்ன லிந்தாவுரா, ஞாயித்துக்கிழமை ஆத்துல இறங்கப் போறியாமே? நீ இறங்கினா தண்ணி ஏறி எங்க வீட்டுக்குள்ள வந்துருமே. என் படகை நான் எங்க கொண்டுபோய்க் கட்டுறது?”

“உங்க தொப்பையிலேயே கட்டிக்குங்கண்ணே. எந்த வெள்ளத்துக்கும் அசையாது.”

கூடம் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் பார்க்கும் சமையல் வேலை போக, இது அவளுக்கு இரண்டாவது வேலை. அடுத்தவர் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லி, அடுத்தவர் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரிக்க வேண்டும். முப்பது வருடமாகப் பார்த்துவருகிறாள், ஒரு நாள் லீவு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை விஷயம் இதுதான். சாவ் பிரான்சிஸ்கோ ஆற்றை அந்தப் பக்கத்து ஜனங்கள் சிக்கோக் கிழவன் என்பார்கள். வருடந்தோறும் செப்டம்பரில் ஒரு ஞாயிறு, கிழவனின் இக்கரைப் படித்துறையிலிருந்து நடுவாற்றுத் தீவு வரை ஆயிரத்து நானூறு மீட்டர் நீந்திப் போவார்கள். பரிசு என்று பெரிதாக எதுவும் இல்லை. நகராட்சிப் படிவத்தில் டாக்டரின் கையெழுத்து வாங்கி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஞாயிறு காலையில் படித்துறையில் ஒருவன் கறுப்பு மைப் பேனாவோடு நிற்பான். இறங்குகிறவர்களின் மேற்கையில் எண் எழுதி விடுவான்.

லிந்தாவுராவுக்கு அந்த எண் வேண்டும். மேற்கையில், ஊர் பார்க்க. நாற்பது டிகிரி வெயிலில், அடுப்பு எரியும் சமையலறையில்கூட முழங்கை வரை இறங்கும் சட்டையைப் போட்டு முப்பது வருடம் மறைத்து வைத்த கை அது. முட்டைக்கோஸ் சூப் மட்டும் குடித்துப் பதினைந்து நாள் கிடந்திருக்கிறாள். ஏதோ ஒரு தேநீரை வாங்கிக் குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறாள். பதினைந்து கிலோ இறங்கும், இருபது கிலோ ஏறும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது, இவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டும் இந்த உடம்பு என்னைத் தூக்கிக்கொண்டுதானே திரிகிறது என்று தோன்றியது. திட்டுவதை நிறுத்தினாள். மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டாள். காலையில் சோள மாவுப் புட்டும் முட்டையும், மத்தியானம் அவரையும் பூசணியும் ஆற்று மீனும். விடிந்ததும் ஆற்றில் இறங்கினாள். எடை நாலு கிலோதான் குறைந்தது. அதற்கு மேல் அசையவில்லை. ஆனால் சர்க்கரை இறங்கியது, முழங்கால் வலி போனது, தூக்கம் வந்தது. உடம்பு இளைக்கவில்லை, நிமிர்ந்தது.

அப்படி நிமிர்ந்தவள்தான் அன்று செவ்வாய்க்கிழமை, கையில் படிவத்தோடு டாக்டர் அனீசியோவின் முன்னால் உட்கார்ந்தாள். நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தது. பாதிதான் உட்கார முடிந்தது.

டாக்டர் தாளைத்தான் பார்த்தார். “பதினேழு. நாலு மாசமா இதே கதை. நாக்கைக் கட்டணும்மா.”

“டாக்டர், நான் சாப்பிடறது...”

“காய்கறி சாப்பிடுங்க. பொரிச்சதை விடுங்க. கொஞ்சம் நடங்க.”

“இருநூத்து நாப்பது பிள்ளைங்களுக்குத் தினமும் காய்கறி ஆக்கிப் போடறவ டாக்டர் நான். எந்தக் காயில என்ன இருக்குன்னு எனக்கு நீங்க...”

“எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க. அப்புறம் எப்படி எடை ஏறுது?”

அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். “மாத்திரையை ரெண்டாக்கினதுல இருந்து எந்திரிச்சா கண்ணு இருட்டுது டாக்டர். போன வாரம் அண்டாவைத் தூக்கறப்ப சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.”

“எடை. வேற என்ன?” மூன்றாவதாக ஒரு மாத்திரையை எழுதினார். படிவத்தைத் தொடாமலே அவள் பக்கம் தள்ளினார். “இதுல நான் கையெழுத்துப் போட முடியாது. ஒரு இருபது கிலோ குறைச்சிட்டு வாங்க.”

“நீந்தறதுக்கு இருபது கிலோ குறைக்கணும். சரி. இருபது கிலோ குறைக்கிறதுக்கு என்ன செய்யணும்?”

“உடற்பயிற்சி,” என்றார் டாக்டர். சிரிக்காமல்தான் சொன்னார். “அடுத்த ஆளை வரச் சொல்லுங்க.”

வெளியே வந்து வெயிலில் நின்றாள். காது சுட்டது. படிவத்தைக் கிழித்துப் போடக் கை வந்தது. மடித்துப் பையில் வைத்தாள்.

அவளுடைய அம்மா இராசி, ஆற்றில் துணி வெளுத்தவள். அவளும் இதே வாகு, இதே கை. துணி மூட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு தீவுக்கு நீந்திப் போய், வெள்ளை மணலில் உலர்த்திக்கொண்டு திரும்புவாள். ஒவ்வொரு தடவை இந்த நிலையத்துக்கு வந்தபோதும், தொண்டை வலி என்றாலும் நகச்சுற்று என்றாலும், எடையைக் குறை என்றே சொல்லி அனுப்பினார்கள். கடைசி ஆறு வருடம் அவள் இந்த வாசலை மிதிக்கவேயில்லை. ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு காலை, அடுப்படியில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அவளுக்கு நிஜமாகவே அழுத்தம் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அதனால்தான் லிந்தாவுரா எவ்வளவு சிரித்தாலும், எவ்வளவு பேச்சு வாங்கினாலும், மாதத்தின் முதல் செவ்வாயைத் தவறவிட்டதில்லை. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. மூன்றாவது மாத்திரையையும் அன்றைக்கே வாங்கிப் போட்டாள்.

வியாழக்கிழமை விடியற்காலை வழக்கம்போலக் கிரெவுசா படித்துறையில் காத்திருந்தாள். படித்துறையில் மீன் பொரித்து விற்கிறவள், ஞாயிற்றுக்கிழமை அவளும் இறங்கப் போகிறாள். கறிவேப்பிலைக் குச்சி மாதிரி உடம்பு, ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட்.

“என்னடி, உன் டாக்டர் என்ன சொன்னாரு?”

“இருபது கிலோ குறைச்சிட்டு நீந்த வரச் சொன்னாரு. உனக்கு?”

கிரெவுசா இருமிவிட்டுச் சொன்னாள். “எனக்கு நாடியைக்கூடப் பிடிக்கலடி. கதவைத் திறந்தேன், ஏற இறங்கப் பார்த்தாரு, கையெழுத்துப் போட்டாரு. உடம்பைச் சிக்குனு வச்சிருக்கீங்கன்னு ஒரு பாராட்டு வேற.”

“சிகரெட்டு?”

“கேட்கவேயில்ல. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன், சத்தியமா.”

லிந்தாவுரா தண்ணீரில் இறங்கினாள். கோபத்தில் வேகமாகக் கை வீசினாள். அவளுடைய நீச்சலைப் பார்க்க வேண்டும்: கரையில் மூச்சு வாங்க நடக்கிற அதே உடம்பு, தண்ணீரில் பரிசல் மாதிரி மிதந்து போகும். இருபது வீச்சில் கிரெவுசாவை விட்டு விலகினாள். முதல் மிதவையைத் தாண்டியதும் தலை லேசானது. வானமும் தண்ணீரும் ஒரே நிறமாயின. கை தூக்கினாள், தூக்கின கை எங்கே போனதென்று தெரியவில்லை.

நினைவு வந்தபோது கிரெவுசா அவளுடைய தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், இருமலுக்கு நடுவில் கெட்ட வார்த்தைகளாகக் கொட்டிக்கொண்டு.

“செத்துத் தொலைஞ்சிருப்பியேடி! உன்னைத் தூக்க நாலு ஆள் வேணும், இங்க நான் ஒருத்திதானே இருக்கேன்!”

“தண்ணியில தூக்க வேண்டாம். மிதக்கும்,” என்று லிந்தாவுரா சொல்லப் பார்த்தாள். பல் கிட்டியது.

கரையில் மல்லாந்து கிடந்தபோது முதலில் வந்தது பயம். அம்மாவின் நினைவு. அதற்கப்புறம் ஒன்று உறைத்தது. இரண்டு மாதத்துக்கு முன்வரை ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. ஒரு மாத்திரையில் வராதது, இரண்டில் எட்டிப் பார்த்தது, மூன்றில் மூழ்கடிக்க வந்தது. அழுத்தம் ஏறினால் இப்படியா இருக்கும்?

அன்று பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். நீச்சலுடை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் அளவுக்கு அந்த ஊர்க் கடையில் நீச்சலுடை விற்பதில்லை. ஊதா நிறத்தில் நீளுகிற துணி வாங்கி இரண்டு வாரமாகத் தானே தைத்தாள். உடல் பகுதி முடிந்துவிட்டது, கை மட்டும் பாக்கி. எண் எழுத வேண்டிய கை என்று தெரிந்தும், கை வைத்துத்தான் தைக்க எண்ணியிருந்தாள். எண்ணை மணிக்கட்டில் எழுதச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சமாதானம். முப்பது வருடப் பழக்கம் இரண்டு வருடத்தில் போய்விடுமா?

ஞாயிற்றுக்கிழமை இறங்கப் போவதில்லை என்றானபின் தைப்பானேன் என்றும் தோன்றியது. இருந்தாலும் வேலையைப் பாதியில் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. அளவு நாடாவை மேற்கையில் சுற்றிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று.

நாற்பத்து மூன்று செ.மீ. என்று சுண்ணாம்புக் கட்டியால் துணியில் எழுதினாள். எழுதிவிட்டு அந்த ‘செ.மீ.’யைப் பார்த்தாள். இதே எழுத்தை எங்கேயோ, மிகக் கிட்டத்தில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறோமே.

நீலத் துணி. வெள்ளை எழுத்து. 22–32 செ.மீ.

நாடாவைக் கீழே வைக்கவில்லை. மறுபடி மேற்கையில் சுற்றிப் பார்த்தாள். அதே நாற்பத்து மூன்று. சின்ன ஜாக்கெட்டைப் பெரிய உடம்பில் மாட்டிவிட்டு, பிடிப்பாக இருக்கிறது, உனக்குத்தான் ஏதோ கோளாறு என்று எந்தத் தையல்காரியாவது சொல்வாளா? சொன்னால் செருப்பால் அடிக்க மாட்டார்களா? ஒவ்வொரு மாதமும் அந்த நுனியைத் தானே அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை நினைத்தாள். தன் கையைத் தானே நெரித்துக் கொடுத்திருக்கிறாள், பவ்யமாக, சிரித்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நிலையத்துக்குள் நுழைந்தபோது அவள் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. மாத்திரை வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒசோரியோ அண்ணன் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். திரைக்குள் போய் மேசைமேல் இருந்த பட்டையை எடுத்தாள். எழுத்து அங்கேயேதான் இருந்தது. ஒரு கையில் பட்டை, ஒரு கையில் நாடா.

“சுலெய்டி, இதைப் படி.”

“என்னக்கா இது, நம்பர் எடுக்காம உள்ள...”

“படிடீ.”

சுலெய்டி படித்தாள். லிந்தாவுரா சட்டைக்கையைத் தோள் வரை சுருட்டினாள். பட்டை சுற்றுவதற்குத் தவிர, அடுத்தவர் முன்னால் அவளாக அப்படிச் சுருட்டியதே கிடையாது. நாடாவைச் சுற்றிக் காட்டினாள். “இதையும் படி.”

சுலெய்டியின் முகம் மெல்ல மாறியது. தெரியாதவளின் முகமாக இல்லை அது. தெரிந்தும் மறந்திருந்தவளின் முகம்.

“பெரிசு இருக்கா?”

“அக்கா...”

“இருக்கா, இல்லையாடி?”

சுலெய்டி குனிந்து மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தாள். பழைய நாட்காட்டிகளுக்கும் பஞ்சுச் சுருளுக்கும் கீழேயிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உறை பிரிக்கவே இல்லை. உள்ளே அகலமான கறுநீலப் பட்டை. மூன்று வருடத்துக்கு முன்னால் வந்ததாம்.

“மூணு வருஷம்! ஏன் எடுக்கல?”

“எடுத்தா...” சுலெய்டியின் குரல் உள்ளே போனது. “எடுத்தா, இது குண்டானவங்களுக்கான பட்டைன்னு தெரிஞ்சிடும் இல்லக்கா. கூடத்துல எல்லாரும் பார்ப்பாங்க. முதல்ல ஒரு அம்மாவுக்கு எடுத்தேன், உறையைப் பிரிக்கறதுக்குள்ள அழுதுட்டாங்க. அதுக்கப்புறம் யார் மனசையும் நோகடிக்க வேண்டாம்னு... உங்களை எனக்கு எவ்வளவு பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும்.”

“என் மனசு நோகக்கூடாதுன்னு என்னைக் கொல்லப் பார்த்தியாடி?”

கூடம் முழுக்கக் கேட்டது. லிந்தாவுரா குரலைத் தாழ்த்தவில்லை. “பூசினாப்ல, பூசினாப்லன்னு பூசிப் பூசியே கண்ணை மறைச்சிட்டீங்களே! நான் குண்டு. சொல்லு. சொன்னா நாக்கு வெந்துருமா? குண்டான கைக்குப் பெரிய பட்டை. இதுல அழ என்ன இருக்கு? பிரி அதை. சுத்து.”

சுலெய்டி அழுதுகொண்டே பிரித்தாள். புதுப் பட்டை லிந்தாவுராவின் கையைச் சுற்றி வந்து, மேலேயே நன்றாகப் படிந்து ஒட்டிக்கொண்டது. பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. சத்தமும் இல்லை.

உட்கார்ந்தபடி பத்துக்கு ஆறு. எழுந்து நிற்கவைத்துப் பார்த்தபோது எட்டுக்கு ஐந்து.

“மறுபடி பாரு.”

மறுபடியும் எட்டுக்கு ஐந்துதான். மூன்று மாத்திரை தின்ற உடம்பின் உண்மையான கணக்கு அது.

சத்தம் கேட்டு டாக்டர் அனீசியோவே கதவைத் திறந்துகொண்டு வந்தார். சுலெய்டி தாளை நீட்டினாள். பட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். சின்னப் பட்டை பெரிய கையின் அழுத்தத்தைக் கூட்டித்தான் காட்டும் என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் லிந்தாவுராவுக்கு இன்னும் எரிந்தது. ஒரு நிமிடத்தில் புரிகிற விஷயம்.

“உள்ள வாங்கம்மா,” என்றார். உள்ளே போனதும் நாற்காலியில் உட்காரும் முன்பே கை நீட்டினார். “அந்தப் படிவத்தைக் கொடுங்க. இன்னும் நேரம் இருக்கில்ல? அஞ்சு மணிக்குத்தானே மூடறாங்க. போட்டுத் தந்துடறேன்.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாலாக மடித்த படிவம். அவர் மேசையில் வைத்து நீவி, பேனா மூடியைக் கழற்றினார். லிந்தாவுரா அந்த மூடியைப் பார்த்தாள். இரண்டு வருடம் இதற்காகத்தான் விடியற்காலையில் எழுந்தாள். கறுப்பு மை, மேற்கை, ஊர் பார்க்க. ஒரு கையெழுத்து போதும்.

அவள் தன் உள்ளங்கையைப் படிவத்தின் மேல் விரித்து வைத்தாள்.

“நேத்துக் காலையில ஆத்துல மயங்கிட்டேன் டாக்டர். கிரெவுசா முடியைப் பிடிச்சு இழுத்தா. இப்ப எட்டுக்கு அஞ்சுன்னு உங்க நர்ஸ் எழுதியிருக்கா. இந்த ஆளை நாளன்னைக்கு ஆத்துல இறக்க எந்த டாக்டர் கையெழுத்துப் போடுவான்?”

பேனா நின்றது.

“செவ்வாய்க்கிழமை என்னைப் பார்க்காமலே முடியாதுன்னீங்க. இன்னிக்குப் பார்க்காமலே சரிங்கறீங்க. ரெண்டும் ஒண்ணுதான். நான் வாயை மூடிக்கிட்டு வெளிய போகணும், அவ்வளவுதான் உங்களுக்கு.”

“ஒரு நாளைக்கு நாப்பது பேரைப் பார்க்கறேன்மா...”

“நாப்பது பேரை இல்ல. நாப்பது தாளை. எங்கம்மா இந்த வாசல்ல வந்து பேச்சு வாங்கி வாங்கியே வராம நின்னா. அவளுக்கு நிஜமாவே இருந்துச்சு. எனக்கு என்ன இருக்கு, என்ன இல்ல, அது எனக்குத் தெரியணும். என் உடம்பு எனக்குப் பிடிச்சிருக்கு டாக்டர். அதனாலதான் கேட்கறேன். பிடிக்காதவ எதுக்கு மாசாமாசம் இங்க வந்து நிக்கப் போறா?”

டாக்டர் பேனாவை மூடினார். எழுந்து போய் மூலையில் இருந்த கைப்பிடி இல்லாத ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். காதில் குழாயை மாட்டிக்கொண்டார். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் நெஞ்சில் அந்த வட்டம் பட்டது, குளிர்ந்தது. காலைத் தொட்டு வீக்கம் பார்த்தார். எத்தனை நேரம் நீந்துகிறாள், என்ன சாப்பிடுகிறாள், எப்போது தூங்குகிறாள் என்று கேட்டார். அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். இருபது நிமிடம் ஆனது. கடைசியில் இரண்டு மாத்திரையை அடித்துவிட்டு, ஒன்றைப் பாதியாக்கினார். திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று வாரம் வந்து இந்தப் பட்டையில் பார்க்க வேண்டும், இதயத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும், அதுவரை ஆற்றில் இடுப்பளவுக்கு மேல் கூடாது என்றார்.

“ஞாயித்துக்கிழமை வேண்டாம்மா,” என்றார் மேசையைப் பார்த்து.

“எனக்கே தெரியும்.”

“தப்புதான். நான் பார்த்திருக்கணும்.”

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. வாய் வரை வந்தது, பழக்க தோஷம், விழுங்கிவிட்டாள். பரவாயில்லை என்றால் அது பொய். கதவை நோக்கிப் போனவள் திரும்பினாள். “தாள்ல பழைய கணக்கு எல்லாத்துக்கும் பக்கத்துல ‘சின்னப் பட்டை’ன்னு எழுதுங்க. நான் பார்க்கணும்.”

நாலு இடத்தில் அவர் எழுதும்வரை நின்றாள்.

கூடத்தில் ஒருத்தரும் எழுந்து போயிருக்கவில்லை. முறை முடிந்தவர்கள்கூட உட்கார்ந்திருந்தார்கள். பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நடுக்கூடத்தில் போய் நின்றாள் லிந்தாவுரா. சட்டைக்கை இன்னும் சுருட்டியேதான் இருந்தது.

“இங்க யாரெல்லாம் குண்டு?”

எல்லோருமே தரையைப் பார்த்தார்கள், ஒல்லியானவர்கள் உட்பட.

“சின்னப் பட்டையில பார்த்துக்கிட்டு யாரெல்லாம் மாத்திரை தின்னுக்கிட்டிருக்கீங்க? எந்திரிங்க. பெரிசு ஒண்ணு இருக்கு, மூணு வருஷமா உள்ள தூங்கிக்கிட்டிருந்துச்சு. வெட்கப்படறவங்க வீட்டுக்குப் போய் வெட்கப்படுங்க.”

முதலில் முழங்காலில் கை ஊன்றி எழுந்தவர் ஒசோரியோ அண்ணன். அன்றைக்கு அவர் வாயில் வேடிக்கை எதுவும் இல்லை. “எனக்கு மாசாமாசம் பதினெட்டுன்னு சொல்றாங்கம்மா,” என்றார் மெதுவாக. “எனக்கும் எந்திரிச்சா சுத்துது. வயசுன்னு நினைச்சேன்.”

சுலெய்டி அவருடைய கையை அளந்தாள். முப்பத்தொன்பது. பட்டையைச் சுற்றினாள். பதினைந்துக்கு ஒன்பது. அவருக்கு நிஜமாகவே அழுத்தம் இருந்தது, சொன்ன அளவுக்கு இல்லை. உள்ளே போய் டாக்டரிடம் காட்டச் சொன்னாள். அவருக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்தாள். பிறகு தாயும் மகளுமாக இருவர். லிந்தாவுரா மேசைமேல் கிடந்த தடித்த பேனாவை எடுத்து, திரைக்கு வெளியே வெள்ளைச் சுவரில், ஆள் உயரத்துக்கு, கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதினாள்: கை முப்பத்திரண்டுக்கு மேல் என்றால் பெரிய பட்டை கேட்கவும். பக்கத்தில் ஆணியில் தன் அளவு நாடாவைத் தொங்கவிட்டாள். சுவரில் எழுதக் கூடாது என்று சொல்ல யாரும் துணியவில்லை.

மணி ஐந்தடித்தபோது அவள் அங்கேதான் இருந்தாள், வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை படித்துறையில் முப்பத்தெட்டுப் பேர். லிந்தாவுரா ஊதா நீச்சலுடையில் வந்து நின்றாள். அதற்குக் கை கிடையாது. கைக்கென்று அளந்து வைத்த துணி வீட்டில் தையல் பெட்டிக்கு அடியில் கிடந்தது. கிரெவுசா எண் போட்ட கையால் கடைசிச் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ இறங்காம நான் மட்டும் போறது நல்லாவா இருக்கு?”

“போடி. போய் அந்த இருமலோட தீவு வரைக்கும் போய்ச் சேரு பார்க்கலாம். நீ செத்தா இழுக்க எனக்கு இடுப்பளவு தண்ணிதான் அனுமதி.”

மைப் பேனாக்காரன் பட்டியலைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். “உங்க பேரு இல்லையேக்கா.”

“இல்ல. தெரியும்.” கையை நீட்டினாள். வெயிலே படாத அந்த மேற்கை, மற்ற உடம்பைவிட இரண்டு நிறம் வெளுத்திருந்தது. “நாப்பத்து மூணுன்னு எழுது.”

“முப்பத்தெட்டுப் பேர்தான்க்கா. நாப்பத்து மூணாம் நம்பரே கிடையாது.”

“நம்பர் இல்லடா அது. அளவு. பெரிசா எழுது.”

அவன் எழுதினான். எழுத இடம் தாராளமாக இருந்தது. விசில் ஊதியதும் முப்பத்தெட்டுப் பேரும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார்கள். லிந்தாவுரா படிகளில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். சிக்கோக் கிழவன் அவளைத் தீவுப் பக்கம் மெல்லத் தள்ளிப் பார்த்தான். இன்னும் கோபம் ஆறவில்லை அவளுக்கு. ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. கைகளை இடுப்பில் ஊன்றி, கால்களை மணலில் அழுத்தி நின்று, வரிசையில் கடைசியாகத் தத்தளித்துப் போய்க்கொண்டிருந்த கிரெவுசாவை அக்கரைக்குக் கேட்கிற மாதிரி திட்டத் தொடங்கினாள்.